சனிக்கிழமை விமானமும் கிழக்குச் சூலமும்

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு நான்கு பேர் சாப்பிட வந்திருந்தார்கள். ரசம் பரிமாறிக்கொண்டிருக்கும்போது என் கணவர் மறுபடியும் அந்தக் கதையை ஆரம்பித்தார். "இவங்கள சாதாரணமா நெனச்சுக்காதீங்க. என்னக் கரையில நிக்க வெச்சுட்டுக் கப்பலேறிப் போன மகராசி" என்றார். நான்கு பேரும் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரையேறியது. ஒரு வருடமாக இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் கொஞ்சம் அப்பாவியாகிறார், நான் கொஞ்சம் அரக்கியாகிறேன்.

ஆரணியில் கதை இன்னும் மோசமாக ஓடுகிறது என்று கேள்வி. என் நாத்தனார் விஜயா அங்கேதான் இருக்கிறார். அவர் வாயிலிருந்து புறப்பட்ட கதை மெலிந்தா போகும்? நம்மோடு படித்த ஒருத்தி போன மாதம் போன் செய்து, "இன்னாடி கலா, புருஷன வுட்டுட்டு ஃபாரின் போயிட்டியாமே?" என்று கேட்டாள். நலம் விசாரிக்கவில்லை, நேராக அதைத்தான் கேட்டாள். அதனால்தான் நம் பள்ளி மலருக்கு வெளியூர் அனுபவம் எழுதித் தரச் சொன்னபோது உடனே ஒப்புக்கொண்டேன். பெங்களூரின் குளிரையும் பூங்காவையும் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னியுங்கள், எனக்கு வேறு வேலை இருக்கிறது.

பெங்களூரு என்ன வெளிநாடா, ஒரே பஸ்ஸில் வந்துவிடலாமே என்றும் கேட்பீர்கள். வரலாம். ஆனால் முப்பது வருடம் கழித்தும் மின்சார அலுவலகத்தில் என் விண்ணப்பத்தை இன்னொருவர்தான் நிரப்பித் தர வேண்டியிருக்கிறது. கன்னடம் சரளமாகப் பேசுவேன், படிப்பது எழுத்துக்கூட்டித்தான். என் மகள் நித்யாவுக்குத் தமிழ் அந்த நிலையில் இருக்கிறது. டப்ளினில் வேலை பார்க்கும் அவளுக்கு இந்த இதழை அனுப்பினால், "வாய்ஸ் நோட்டா அனுப்பும்மா" என்பாள். புலம்பெயர்வதற்குக் கடலைத்தான் கடக்க வேண்டும் என்பதில்லை. நான் ஓசூரைத்தான் கடந்தேன்.

2

வைட்ஃபீல்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் டிராவல் டெஸ்க்கில் இருந்தேன். வெளிநாடு போகிற இன்ஜினீயர்களுக்கு டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் எல்லாம் ஏற்பாடு செய்வது என் வேலை. எந்த ஏர்லைன்ஸ் பெட்டியைக் கடைசி ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும், எது நடுவில் இறக்கி உங்களையே தூக்கச் சொல்லும், எந்த விமான நிலையத்தில் டெர்மினல் மாற ஒரு மணி நேரம் போதும், எங்கே போதாது என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஃபிராங்க்ஃபர்ட்டில் வாசல் மாறுகிறவர்களுக்கு இங்கே இருந்தபடியே வழி சொல்லியிருக்கிறேன். ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டை நான் பார்த்ததில்லை. எந்த ஊரையும் பார்த்ததில்லை.

வருடா வருடம் விற்பனைப் பிரிவில் நன்றாகச் செய்தவர்களைக் கம்பெனி கப்பலில் சுற்றுலா அனுப்பும். அந்த ஏற்பாடும் என்னுடையதுதான். யாருக்கு ஜன்னல் வைத்த அறை, யாருக்குச் சைவச் சாப்பாடு, யார் மனைவிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பதுவரை நான் பார்த்துக்கொள்வேன். அவர்கள் திரும்பி வந்து என் மேஜையில் ஒரு சாக்லெட் டப்பாவை வைத்துவிட்டுப் போவார்கள். நான் அதைப் பிரித்து எல்லோருக்கும் கொடுப்பேன்.

ஆசையாகப் பாஸ்போர்ட் எடுத்து வைத்தேன். பத்து வருடம் அது ஒரு முத்திரைகூட வாங்காமல் காலாவதியானது. புதுப்பிக்கும்போது விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் பழையதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எல்லூ ஹோகே இல்வல்லா மேடம்?" என்றார். எங்கேயும் போகவே இல்லையே என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அன்று நான் அவருக்குக் காபி கொடுத்தேன்.

நான் ஓய்வு பெற்ற வருடம், தையில் எங்களுக்கு முப்பதாவது கல்யாண நாள் வந்தது. என் கணவர் ஹெப்பகோடி பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர். அவருக்கு ஷிஃப்ட் வேலை. எனக்குப் பகல் வேலை. ஊரின் அந்தக் கோடிக்கு அவர் பஸ், இந்தக் கோடிக்கு நான். ஒரே வீட்டில் முப்பது வருடம் இருந்தோம், ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மிகக் குறைவு. ஆகவே நான் ஒன்றே ஒன்று கேட்டேன். சிங்கப்பூரில் ஏறி நான்கு இரவு கடலில் சுற்றிவிட்டுச் சிங்கப்பூரிலேயே இறங்கும் ஒரு கப்பல். அதில் நானும் அவரும். சமையல் கிடையாது, போன் கிடையாது, உறவினர் கிடையாது. அவர் தலையாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

3

கப்பலுக்குப் போக விமானம் எடுப்பதும் கல்யாணத்துக்குப் போக விமானம் எடுப்பதும் ஒன்றல்ல. கல்யாணத்துக்குத் தாமதமானால் பந்திக்காவது போய்ச் சேரலாம். கப்பலில் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். எங்கள் கப்பல் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும், மூன்றரைக்குக் கவுன்டரை மூடிவிடுவார்கள். ஆகவே முந்தின நாளே அந்த ஊரில் இறங்கிவிட வேண்டும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்திருக்கிறது. இன்னொன்று, தை மாதத்தில் பெங்களூரிலிருந்து விடியற்காலை விமானம் எடுக்கவே கூடாது. விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிப் பக்கம் பனி இறங்கினால் பக்கத்தில் நிற்கிற விமானம்கூடத் தெரியாது. ஒன்று தாமதமானால் வரிசையாக எல்லாம் தாமதமாகும்.

ஒரு தாளை எடுத்து நான்கு ஏர்லைன்ஸை வரிசையாக எழுதினேன். முதலாவது, சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நேர் விமானம். மாலையில் போய் இறங்கலாம், ஆளுக்கு முப்பது கிலோ, சாப்பாடு உண்டு, ஏதாவது ரத்தானால் அவர்களே வேறு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். இரண்டாவது, அதே சனிக்கிழமை இரவு கிளம்பி மறுநாள் விடியலில் இறங்குவது. அவசரத்துக்கு அது போதும். மூன்றாவது, கொழும்பு வழியாக. நடுவில் ஐந்து மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். நான்காவது, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குக் கிளம்பும் மலிவு விமானம். தண்ணீர்கூட வாங்கித்தான் குடிக்க வேண்டும், இறங்கும்போது மதியம் இரண்டாகிவிடும். அதற்கு நேராகச் சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி போட்டேன்.

என் கணவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாக்கிங் போனார். எங்கள் அடுக்குமாடியில் காலையில் நடக்கிற ஐந்தாறு ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. திரும்பி வரும்போது நான்காவதுக்கு நேராக நீலப் பேனாவில் டிக் இருந்தது.

"எல்லாரும் ஞாயித்துக்கிழமையே போதும்னு சொல்றாங்க கலா. ஒரு ராத்திரி ஹோட்டல் மிச்சம்."

"எல்லாரும்னா யாரு?"

"நம்ம வாக்கிங் குரூப்தான். நெறைய டிராவல் பண்ணவங்க."

"கப்பல்ல போயிருக்காங்களா?"

"கப்பல்ல போகல. ஆனா ஃப்ளைட்டு ஃப்ளைட்டுதான?"

"நான் இருவத்திரெண்டு வருசம் இதத்தாங்க செஞ்சேன்."

"ஆபீஸுக்குப் பண்றது வேற கலா, வீட்டுக்குப் பண்றது வேற" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். என் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது, பிறகு வந்தவையெல்லாம் அதன் மேல் ஊற்றிய எண்ணெய். தொழிற்சாலையில் அவர் தரம் சரியில்லை என்று ஒதுக்கிய ஒரு உருப்படியை நான் போய் "பக்கத்து வீட்டுக்காரர் நல்லாயிருக்குன்னு சொன்னார்" என்று திரும்ப எடுத்து வைத்தால் இவர் சும்மா இருப்பாரா? சனிக்கிழமை விமானத்திலேயே இரண்டு டிக்கெட்டையும் எடுத்தேன். எடுத்த பிறகுதான் சொன்னேன்.

4

நான்காம் நாள் ஆரணியிலிருந்து நாத்தனார் போன் வந்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார். எங்கள் பயணத் தேதியை என் கணவர் சொல்லியிருக்கிறார், அக்காவும் காலண்டரைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்.

"சிங்கப்பூரு எந்தப் பக்கம்டா இருக்குது?"

"கிழக்காலதான்க்கா."

"சனிக்கெழம கெழக்க சூலம்டா! தெரிஞ்சே போவாங்களா? கலாக்குதான் தெரியல, உனுக்குமா தெரியாது?"

சூலம் தெரியாதவர்கள் நம் ஊரில் இல்லை. இன்ன கிழமையில் இன்ன திசைக்குப் பயணம் ஆகாது என்று தினசரிக் காலண்டரிலேயே போட்டிருக்கிறது. திங்களும் சனியும் கிழக்கே போகக்கூடாது. நான் அதைக் கேலி செய்கிறவள் அல்ல. ஆரணியில் பிறந்தவள், எனக்கும் பயம் உண்டு. ஆனால் அதே காலண்டரில் பக்கத்திலேயே பரிகாரமும் போட்டிருக்கிறதே! கிழக்குச் சூலத்துக்குத் தயிர். ஒரு கரண்டி தயிரைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் தீர்ந்தது. அதைச் சொன்னேன்.

"தயிரெல்லாம் காஞ்சிபுரம் போறதுக்கும்மா. கடல் தாண்டறதுக்குத் தயிரு தாங்குமா?" என்றார் நாத்தனார்.

எந்தப் பஞ்சாங்கத்தில் தயிருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது? நான் கேட்டேன். வாயை மூடு என்பது போல என் கணவர் கையைக் காட்டினார். இத்தனை வருடம் ஹெப்பகோடிக்கு எந்தச் சூலம் பார்த்து வேலைக்குப் போனார் இவர்? தீபாவளிக்கு ஆரணிக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் இடம் கிடைத்தால் போதும் என்று ஏறியவர்தானே. நான் ஏற்பாடு செய்த பயணம் என்றதும்தான் திசை, கிழமை எல்லாம் நினைவுக்கு வந்தன.

நித்யாவைத் துணைக்குக் கூப்பிட்டேன். மகள் எனக்காகப் பேசுவாள் என்று நினைத்தேன். "அம்மா, அத்தைக்கு அதுல ஒரு பீஸ் ஆஃப் மைண்ட்னா விட்டுடேன். சின்ன விஷயத்துக்கு ஏன் டிராமா?" என்றாள். அங்கே அவள் தன் விடுமுறைக்கு ஆறு ஏர்லைன்ஸை ஒப்பிட்டுப் பார்த்து, சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பாள். எனக்கு வேண்டும்போது அது சின்ன விஷயமாகிவிட்டது. "சரிடி, நீ தூங்கு" என்று போனை வைத்தேன்.

5

கடைசியில் நாத்தனாரே ஒரு வழி சொன்னார். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். பயணத்துக்கு நாள் சரியில்லை என்றால், நல்ல நாளிலேயே ஒரு பையைக் கொண்டுபோய் வேறு ஒருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பை வெளியே போனால் ஆளே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்தக் கிழமையில் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போனாலும் தோஷம் இல்லை. வெள்ளிக்கிழமை கிழக்கே சூலம் கிடையாது. அன்று காலை ஒன்பதே கால் மணிக்கு நல்ல நேரம்.

இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு பையைப் பக்கத்து வீட்டில் வைத்தால் எல்லோருக்கும் மனசு ஆறும், என் விமானமும் தப்பிக்கும் என்றுதான் நினைத்தேன். எதிர் ஃபிளாட்டில் பிரமிளா இருக்கிறார். மைசூருக்காரர், தங்கமான மனுஷி. ஒரு துண்டும் வேட்டியும் போட்டு வைத்தால் போதும் என்று சொல்லி ஒரு சிறிய பையை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை என் கணவர் குளித்து விபூதி பூசிக்கொண்டு, பையைத் தூக்கி, பத்தடி தூரம் நடந்து எதிர்வீட்டுக்குப் பயணம் போனார். நான் வாசலில் நின்று வழியனுப்பினேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எனக்குத் தெரியாமல் அதில் அவர் தன் பாஸ்போர்ட்டை வைத்திருந்தார்.

வெறும் துணி போதாது, பயணத்துக்கு உண்டானது இருக்க வேண்டும் என்று நாத்தனார் தனியாகப் போனில் சொல்லியிருக்கிறார். என்னுடையதையும் வைக்கட்டுமா என்று இவர் கேட்டதற்கு, "அவளுது எதுக்கு? குடும்பத் தலைவன் கெளம்பிட்டா எல்லாரும் கெளம்பனாப்பலதான்" என்றாராம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பேச்சுக்கு நான் இன்றுவரை நாத்தனாரோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் அந்தப் பேச்சால்தான் என் பாஸ்போர்ட் என் கைப்பையிலேயே இருந்தது.

இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு இன்ஜினீயர் பையனிடமும் பெண்ணிடமும் நான் ஒரே பாட்டாகப் பாடியது இதுதான்: பாஸ்போர்ட்டை உடம்பை விட்டுப் பிரிக்காதே. ஹோட்டல் அலமாரியில் வைக்காதே, நண்பன் பையில் போடாதே. என் வீட்டிலேயே என் கணவர் அதைக் கொண்டுபோய் அடுத்தவர் வீட்டில் வைத்துவிட்டு வந்து என்னோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்.

6

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வண்டி சொல்லியிருந்தேன். ஆறு மணிக்குப் பையை எடுத்துவரப் போனவர் வெறுங்கையோடு வந்தார். பிரமிளா வீட்டில் பூட்டு தொங்கியது.

"போனாப் போகுது, துண்டும் வேட்டியும்தான" என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. முப்பது வருடத்தில் அந்த அளவுக்காவது அவரை எனக்குத் தெரியும்.

பிரமிளாவுக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார். "அய்யோ மேடம், மகளிகெ நோவு பந்துபிட்து, நாவு மைசூரிகெ பந்துபிட்வி" என்றார். மகளுக்குப் பிரசவ வலி வந்து அதிகாலையிலேயே கிளம்பி மைசூர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாற்றுச் சாவியும் அவர் பையில்தான். பாவம், ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். யார்மேல் தப்பு, யார் மன்னிப்புக் கேட்கிறார்கள் பாருங்கள். மருமகனிடம் சாவியைக் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். எவ்வளவு வேகமாக வந்தாலும் வைட்ஃபீல்ட் நெரிசலைத் தாண்டி இங்கே வந்து சேரப் பத்தரை, பதினொன்று ஆகும். பூட்டை உடைக்கலாமா என்று என் கணவர் கேட்டார். வீட்டுக்காரர் நேரில் இல்லாமல் உடைக்க விடமாட்டேன் என்று காவலாளி சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான்.

அங்கேயே சோபாவில் உட்கார்ந்து போனில் தேடினேன். இரவு விமானத்தில் இடம் இருந்தது. கேட்டுக்கொள்ளுங்கள், இடம் இருந்தது. "ராத்திரி ஃப்ளைட்ல வாங்க. விடியக்காலம் எறங்கிடுவீங்க, நான் ஹோட்டல்ல இருப்பேன்" என்றேன்.

அவர் அதற்குள் அக்காவைக் கூப்பிட்டிருந்தார். அப்புறம் போனை மூடிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"ராத்திரின்னாலும் சூரியன் உதிக்கற வரைக்கும் சனிக்கெழமதான கலா. எப்படியும் லேட்டாயிடுச்சு. நாளைக்குக் காலையில அந்த ஆறு அம்பது இருக்கே, ரெண்டு பேருமே அதுல போயிடலாம். நீயும் கேன்சல் பண்ணிடு."

"பனி இருக்குங்க."

"இன்னைக்கு எங்க பனி? வெளிய பாரு."

"நான் சொல்றது உங்களுக்குக் காதுல விழுதா இல்லையா?"

"புருஷன விட்டுட்டு ஒரு பொம்பள தனியா கப்பலுக்குப் போவாளா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். இப்போது நீங்களும் கேட்டுவிட்டீர்கள். வண்டிக்காரர் கீழே ஹாரன் அடித்தார். நான் என் பெட்டியின் கைப்பிடியை இழுத்தேன். கோபமா பயமா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான் இருந்திருக்கும். "நான் போறேன். உங்க டிக்கெட்ட வண்டியில இருந்தே மாத்திடறேன். ராத்திரியா காலையா, பத்து நிமிஷத்துல சொல்லுங்க" என்றேன். லிஃப்ட் மூடும்வரை அவர் வாசலிலேயே நின்றார். நான் பொய் சொல்லவில்லை, திரும்பிப் பார்த்தேன். அவர் அப்போதும் போனைக் காதில் வைத்திருந்தார்.

ஹூடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றபோது செய்தி வந்தது. "காலை" என்று ஒரே சொல்.

ஆறு ஐம்பது விமானத்தில் அவருக்கு டிக்கெட் எடுத்தேன். சீக்கிரம் இறங்க வசதியாக முன்வரிசை இருக்கை. கையில் ஒரு சிறிய பெட்டி மட்டும் போதும், அங்கே பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று எழுதினேன். இறங்கியதும் எந்த வாசல், துறைமுகத்துக்கு டாக்ஸிக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் வரிசையாகத் தமிழில் எழுதி அனுப்பினேன். முன்பின் தெரியாத இன்ஜினீயர்களுக்குச் செய்ததைவிட அவருக்கு ஒரு படி கூடத்தான் செய்தேன். கரையில் நிறுத்திவிட்டுப் போனதாகச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

7

ஞாயிற்றுக்கிழமை பனி இறங்கியது. நான் மந்திரம் போட்டு இறக்கவில்லை. அவர் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்று சிங்கப்பூர் ஹோட்டலில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது போனில் பார்த்தேன். கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இறங்கும்போது மூன்று ஐம்பது ஆகும்.

துறைமுகத்தில் கவுன்டர் பெண் நல்லவள். அந்த ஊர்த் தமிழ்ப் பெண், பெயர்ப் பட்டையில் தேவி என்று இருந்தது. "உங்க ஹஸ்பண்ட் எங்க ஆன்ட்டி?" என்றாள். ஆகாயத்தில் இருக்கிறார் என்று சொன்னேன். மேலதிகாரியிடம் இரண்டு முறை போய்க் கேட்டுவிட்டு வந்தாள். கவுன்டரை யாருக்காகவும் திறந்து வைக்க முடியாது என்றாள். மூன்று இருபது வரை ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் ஜோடி ஜோடியாக உள்ளே போனார்கள். எனக்கு அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத அழுகை அல்ல, நன்றாகத் தெரிந்த அழுகை.

"ஆன்ட்டி, நீங்க வரீங்களா, இல்ல வெயிட் பண்றீங்களா? இப்ப சொல்லணும்" என்றாள் தேவி.

காத்திருப்பதற்கு என்ன இருந்தது? அவர் வந்து சேரும்போது கதவு மூடியிருக்கும். நான் வெளியே நின்றால் இரண்டு பேராக வெளியே நிற்போம், அவ்வளவுதான். பிறகு இரண்டு பேராகத் திரும்பி வந்து, "நல்லவேள, ஒண்ணாவே மிஸ் பண்ணோம்" என்று வாழ்நாள் முழுக்க எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கலாம். ஊரில் என் பெயரும் கெட்டிருக்காது. நான் எழுந்து பாஸ்போர்ட்டை நீட்டினேன்.

ஐந்துக்குச் சில நிமிடம் முன்பு அவர் போன் செய்தார். துறைமுகக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறாராம். கப்பல் அவருக்குத் தெரிகிறதாம். மூச்சு வாங்கியது. நான் திட்டுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, முதலில் அவரே கத்தினார். பிறகு கேட்டார்:

"கலா, அக்காகிட்ட இப்ப என்னன்னு சொல்றது?"

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. கல்யாண நாள் அதுவுமாக இப்படி ஆகிவிட்டதே என்றும் சொல்லவில்லை. நான் கேட்டேன், "நாலு நாள் அங்க ரூம் போட்டு இருக்கீங்களா, ஊருக்குத் திரும்பறீங்களா?" திரும்புகிறேன் என்றார். கப்பல் கரையை விட்டு நகர்ந்துகொண்டிருக்கும்போது, சிக்னல் போவதற்குள், மூன்று ஏர்லைன்ஸை ஒப்பிட்டுப் பார்த்து அவருக்குத் திரும்பும் டிக்கெட் எடுத்தேன். நேர் விமானம், சாப்பாட்டோடு. அது போய்ச் சேர்ந்ததற்கு அவர் "ஓகே" என்று பதில் போட்டார்.

அதற்குப் பிறகு நான்கு நாள் கடல். என்ன பார்த்தேன், என்ன சாப்பிட்டேன் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. நன்றாக இருந்தது, மிகவும் நன்றாக இருந்தது. நான் அழுதுகொண்டே கப்பலில் சுற்றியதாக ஆரணியில் சிலர் என்மேல் இரக்கப்பட்டுச் சொல்வதாகக் கேள்வி. அதுவும் பொய். காலையில் எழுந்து யாருக்கும் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் தெரியாத நான்கு பெண்களோடு சீட்டு விளையாடி ஜெயித்தேன். மூன்றாம் நாள் நீச்சல் குளத்தில் முழங்கால்வரை இறங்கினேன்.

நான்காம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அது உறைத்தது. முந்தின நாள் முழுக்க அவர் நினைப்பு எனக்கு ஒரு முறைகூட வரவில்லை. இவர் இருந்திருந்தால் என்று ஒரு இடத்திலும் தோன்றவில்லை. பல் தேய்க்கும் பிரஷை வாயில் வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன். என்ன செய்வதென்று தெரியவில்லை.

என் கோபம் கப்பலைப் பற்றியது என்றுதான் அவரும் நாத்தனாரும் நித்யாவும் நினைக்கிறார்கள். கப்பல் எனக்குக் கிடைத்துவிட்டது, அதில் கோபப்பட என்ன இருக்கிறது? நான் அவரோடு போக ஆசைப்பட்டுத்தான் அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தேன். முப்பது வருடமாக ஷிஃப்ட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நழுவிப்போன மனுஷரோடு நான்கு நாள் உட்கார்ந்திருக்கலாம் என்று ஆசைப்பட்டேன். அவர் இல்லாமலும் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பது எனக்குத் தெரியவே வேண்டியதில்லை. அது தெரியாமலே நான் சந்தோஷமாகச் செத்திருப்பேன். என் பேச்சை ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் போதும், எனக்கு அது தெரிய வந்திருக்காது.